பிரித்தானியத் தொடர்வண்டி நிறுவனங்களின் வழித்தட மேற்பொருந்தல்

பிரித்தானியத் தொடர்வண்டி நிறுவனங்களின் வழித்தட மேற்பொருந்தல் என்பது, பெரிய பிரித்தானியாவில் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ்) ஒரே இருப்புப்பாதையிலோ அல்லது ஒரே இரு நகரங்களுக்கு இடையிலோ ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பயணிகள் தொடர்வண்டிகளை இயக்கும் நிலையைக் குறிக்கும். 1990களில் நடைபெற்ற தனியார்மயமாக்கலுக்குப் பின்னர் இந்நிலை பரவலாக அறியப்பட்டாலும், இதன் வேர்கள் 19 ஆம் நூற்றாண்டிலேயே உள்ளன. ஒரு பயணி எந்த வண்டியில் ஏறலாம், அவர் செலுத்திய கட்டணம் எந்த நிறுவனத்தைச் சேரும், நெரிசல் மிக்க பாதையில் யாருடைய வண்டிக்கு இடம் கிடைக்கும் ஆகிய மூன்று கேள்விகளும் இம்மேற்பொருந்தலில் இருந்தே எழுகின்றன. வட அயர்லாந்தின் இருப்புப்பாதைகள் தனி அமைப்பாக இயங்குவதால் அவை இக்கட்டுரையில் அடங்கா.

வரலாறு

பிரித்தானியாவின் இருப்புப்பாதைகளை அரசு திட்டமிட்டு அமைக்கவில்லை. தனியார் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் நாடாளுமன்றத்தில் தனித்தனியே சட்டம் பெற்றுத் தத்தம் பாதைகளை அமைத்தன. இலாபம் தரும் நகரங்களை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நாடியதால், ஒரே நகருக்குப் பல பாதைகளும் பல நிலையங்களும் ஏற்பட்டன. இலண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கிழக்குக் கரை வழியாகவும் மேற்குக் கரை வழியாகவும் வண்டிகளை இயக்கிய நிறுவனக் கூட்டணிகள், 1888 ஆம் ஆண்டிலும் 1895 ஆம் ஆண்டிலும் விரைவில் யார் முந்துவது என்று வெளிப்படையாகவே போட்டியிட்டன.

அதே காலத்தில் ஒத்துழைப்பும் தேவைப்பட்டது. ஒரு பயணி ஒரே பயணச்சீட்டைக் கொண்டு மூன்று நிறுவனங்களின் பாதைகளில் பயணம் செய்தால், அக்கட்டணத்தை மூன்று நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதற்காக 1842 ஆம் ஆண்டில் இருப்புப்பாதைத் தீர்வகம் என்னும் பொது அமைப்பு இலண்டனில் தொடங்கப்பட்டது. எழுத்தர்கள் பயணச்சீட்டுகளைக் கணக்கெடுத்து, பயணத் தொலைவின் அடிப்படையில் வருவாயைப் பிரித்தனர். இன்று கணினி செய்யும் பணியின் முன்னோடி இதுவே ஆகும்.

1921 ஆம் ஆண்டின் சட்டப்படி, 1923 ஜனவரி 1 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நான்கு பெரிய நிறுவனங்களாக இணைக்கப்பட்டன. 1948 ஜனவரி 1 அன்று அவை நாட்டுடைமையாக்கப்பட்டு, பிரிட்டிஷ் ரயில்வேஸ் உருவானது. எனினும் பழைய பாதைகளுள் பல அப்படியே எஞ்சின. 1980களில் இவ்வமைப்பின் பயணிகள் பிரிவு நெடுந்தொலைவுச் சேவை, இலண்டனும் அதன் சுற்றுப்புறமும், ஏனைய வட்டாரச் சேவை என மூன்றாகப் பகுக்கப்பட்டது. இப்பகுப்பு நிலப்பரப்பின் அடிப்படையில் அமையாமல் சேவையின் தன்மையை ஒட்டி அமைந்தது. எனவே ஒரே தண்டவாளத்தில் மூன்று பிரிவுகளின் வண்டிகளும் ஓடின.

1993 ஆம் ஆண்டின் இருப்புப்பாதைச் சட்டம் இவ்வமைப்பைத் தனியார்மயமாக்கியது. தண்டவாளம், சைகைகள், நிலையங்கள் ஆகியவை ரயில்டிராக் என்ற நிறுவனத்திடம் சென்றன. 2002 ஆம் ஆண்டில் நெட்வொர்க் ரயில் அதன் இடத்தைப் பெற்றது. பயணிகள் சேவை 25 கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட காலத்திற்கு இயக்கும் உரிமை ஏலமுறையில் வழங்கப்பட்டது. இக்கட்டுரையில் இவ்வுரிமை இயக்குரிமை எனப்படுகிறது. இந்த 25 கூறுகளும் பெரும்பாலும் மேற்கூறிய மூன்று பிரிவுகளைச் சிறு துண்டுகளாக்கியே உருவாக்கப்பட்டன. ஆகவே முன்பு ஓர் அமைப்பின் உட்பிரிவுகளாக ஒரே பாதையில் ஓடிய வண்டிகள், தனித்தனி நிறுவனங்களின் வண்டிகளாயின. இன்றைய மேற்பொருந்தலுக்கு உடனடிக் காரணம் இதுவாகும்.

மேற்பொருந்தலின் வகைகள்

மேற்பொருந்தலைப் பின்வரும் நான்கு வகைகளாகப் பிரித்துக் காணலாம்.

1. இணைப் பாதைகள்: இரு நகரங்களுக்கு இடையே வெவ்வேறு பாதைகள் இருந்து, அவற்றில் வெவ்வேறு நிறுவனங்கள் இயங்குதல்.
2. ஒரே பாதை, வெவ்வேறு வேகம்: ஒரு நிறுவனம் விரைவு வண்டிகளையும் மற்றொன்று எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டிகளையும் இயக்குதல்.
3. பகுதிப் பகிர்வு: வெவ்வேறு இடங்களில் புறப்படும் நெடுந்தொலைவு வண்டிகள், வழியில் ஒரு பொதுப்பகுதியில் ஒன்றுசேர்ந்து மீண்டும் பிரிதல்.
4. திறந்த அணுக்கம்: அரசுடன் ஒப்பந்தமோ அரசு மானியமோ இன்றி, ஒரு நிறுவனம் தன் சொந்தப் பொறுப்பில் வண்டிகளை இயக்குதல்.

முதல் மூன்று வகைகளும் வரலாற்றின் விளைவுகள். நான்காவது வகை மட்டுமே போட்டியை உருவாக்கும் நோக்குடன் சட்டம் அனுமதித்த ஒன்றாகும்.

எடுத்துக்காட்டுகள்

இலண்டன் - பர்மிங்காம்

இலண்டனையும் பர்மிங்காமையும் இணைத்த முதல் இருப்புப்பாதை 1838 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இது இலண்டனின் யூஸ்டன் நிலையத்திலிருந்து புறப்படுவதாகும். இதனுடன் போட்டியிட விரும்பிய பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, பிஸ்டர் நகர் வழியான குறுக்குப்பாதையை 1910 ஆம் ஆண்டில் திறந்து, தன் பாதையின் தொலைவைக் குறைத்துக்கொண்டது.

இன்றும் இவ்விரு பாதைகளும் பயன்பாட்டில் உள்ளன. யூஸ்டனிலிருந்து அவந்தி வெஸ்ட் கோஸ்ட் நிறுவனத்தின் விரைவு வண்டி, பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்தை ஏறத்தாழ 1 மணி 20 நிமிடத்தில் அடைகிறது. அதே தண்டவாளத்தில் லண்டன் நார்த்வெஸ்டர்ன் ரயில்வே என்ற பெயரில் ஓடும் வண்டிகள் கூடுதல் நிலையங்களில் நின்று, 2 மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கின்றன. சில்டர்ன் ரயில்வேஸ் நிறுவனமோ இலண்டனின் மேரிலபோன் நிலையத்திலிருந்து 1910 ஆம் ஆண்டுப் பாதை வழியாகப் பர்மிங்காம் மூர் ஸ்ட்ரீட் நிலையத்திற்குச் செல்கிறது. இதன் விரைவான வண்டிகள் 2 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கின்றன. நேரம் முதன்மை எனக் கருதுவோர் அவந்தியையும், கட்டணம் முதன்மை எனக் கருதுவோர் ஏனைய இரண்டையும் தேர்ந்தெடுக்க முடிகிறது.

1980களில் மேரிலபோன் நிலையத்தையே மூடிவிடும் யோசனை இருந்தது குறிப்பிடத்தக்கது. அது மூடப்பட்டிருந்தால் இப்போட்டிக்கு இடமே இருந்திருக்காது.

இலண்டன் - எக்சிட்டர்

தென்மேற்கு இங்கிலாந்தின் எக்சிட்டர் நகருக்கு இலண்டனின் பாடிங்டன் நிலையத்திலிருந்து கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயும், வாட்டர்லூ நிலையத்திலிருந்து சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயும் வண்டிகளை இயக்குகின்றன. இரண்டும் தொலைவில் ஏறத்தாழ ஒன்றே. எனினும் வாட்டர்லூ பாதையின் மேற்குப் பகுதி 1960களில் பெரும்பாலும் ஒற்றைத் தடமாகக் குறைக்கப்பட்டதாலும், வண்டிகள் பல சிற்றூர்களில் நிற்பதாலும், அவ்வழியாகச் செல்ல ஒரு மணி நேரம் அளவுக்குக் கூடுதலாகிறது.

எக்சிட்டர் செயின்ட் டேவிட்ஸ் நிலையத்தில் நிற்கும் பயணி ஒரு விந்தையைக் காணலாம். பாடிங்டன் செல்லும் வண்டியும் வாட்டர்லூ செல்லும் வண்டியும் அங்கிருந்து எதிரெதிர்த் திசைகளில் புறப்படுகின்றன. இரண்டும் சென்றடைவது இலண்டனையே. ஒன்றுக்கொன்று போட்டியாகப் பாதை அமைத்த இரு பழைய நிறுவனங்கள் வெவ்வேறு பக்கங்களிலிருந்து நகருக்குள் நுழைந்ததே இதற்குக் காரணமாகும்.

யார்க் - நியூகாசில்

இது பகுதிப் பகிர்வுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 80 மைல் (129 கி.மீ.) நீளமுள்ள இப்பகுதி, இலண்டனையும் எடின்பரோவையும் இணைக்கும் கிழக்குக் கரைப் பெரும்பாதையின் ஒரு துண்டாகும். இங்கு மூன்று நிறுவனங்களின் நெடுந்தொலைவு வண்டிகள் ஒன்றுசேர்கின்றன.

- லண்டன் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே (எல்.என்.ஈ.ஆர்.): தெற்கே இலண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வருவது.
- கிராஸ்கண்ட்ரி: தென்மேற்கே பர்மிங்காம் முதலிய நகரங்களின் வழியாக வருவது.
- டிரான்ஸ்பெனைன் எக்ஸ்பிரஸ்: மேற்கே லிவர்பூல், மான்செஸ்டர், லீட்ஸ் நகரங்களிலிருந்து வருவது.

யார்க் முதல் நார்த்தலர்ட்டன் வரை கிராண்ட் சென்ட்ரல் நிறுவனத்தின் வண்டிகளும் இதே தடத்தில் ஓடி, பின்னர் சண்டர்லாந்து நோக்கிப் பிரிகின்றன. லூமோ நிறுவனத்தின் வண்டிகள் யார்க்கில் நிற்காமல் கடந்து செல்கின்றன. இவற்றுள் எந்த நிறுவனமும் யார்க்-நியூகாசில் பயணிகளை முதன்மையாகக் கருதி உருவாக்கப்படவில்லை. எனினும் யார்க்கிலிருந்து நியூகாசிலுக்கு அன்றாடம் பணிக்குச் செல்பவருக்கு, மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அடிக்கடி கிடைக்கும் ஒரே சேவையாகத் தோன்றுகின்றன. அவரிடம் உள்ள பயணச்சீட்டு மூன்றிலும் செல்லுபடியாகும் வரையில்தான் அத்தோற்றம் நிலைக்கும்.

பிற வழித்தடங்கள்

இலண்டனிலிருந்து சவுத்எண்ட் நகருக்கு ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து சி2சி சேவையும், லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து கிரேட்டர் ஆங்கிலியா சேவையும் உண்டு. கேம்பிரிட்ஜ் நகருக்குக் கிங்ஸ் கிராஸிலிருந்தும் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்தும் செல்லலாம். ஆக்ஸ்போர்டு நகருக்குப் பாடிங்டனிலிருந்து மட்டுமே நேரடிச் சேவை இருந்த நிலையை மாற்றி, சில்டர்ன் ரயில்வேஸ் 2016 டிசம்பரில் மேரிலபோனிலிருந்து அந்நகரின் முதன்மை நிலையம் வரை சேவையைத் தொடங்கியது. இலண்டன்-பிரைட்டன் பாதையில் சதர்ன், தேம்ஸ்லிங்க், கேட்விக் எக்ஸ்பிரஸ் ஆகிய மூன்று பெயர்களில் வண்டிகள் ஓடுகின்றன. 2015 ஆம் ஆண்டு முதல் இம்மூன்றும் ஒரே இயக்குரிமையின் கீழ் வந்த பின்னரும், ஒரு பெயருக்கு மட்டும் செல்லுபடியாகும் பயணச்சீட்டுகள் தொடர்ந்து விற்கப்பட்டன. நிறுவனங்கள் ஒன்றானாலும் மேற்பொருந்தலின் சிக்கல் உடனே மறைந்துவிடாது என்பதை இது காட்டுகிறது.

பயணச்சீட்டுகள்

தனியார்மயமாக்கலின்போது, நாட்டின் எந்த நிலையத்திலிருந்தும் எந்த நிலையத்திற்கும் ஒரே பயணச்சீட்டு வாங்கும் வசதி தொடர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இதன் விளைவாக இருவகைப் பயணச்சீட்டுகள் உருவாயின.

பொதுச் சீட்டுகள்: இவை அனுமதிக்கப்பட்ட எந்த வழியிலும் எந்த நிறுவனத்தின் வண்டியிலும் செல்லுபடியாகும். எவ்வழிகள் அனுமதிக்கப்பட்டவை என்பதைத் தேசிய வழித்தட வழிகாட்டி என்னும் விதித்தொகுப்பு வரையறுக்கிறது. ஒவ்வொரு நிலையச் சோடிக்கும் ஒரு முதன்மை நிறுவனம் குறிக்கப்பட்டு, பொதுச் சீட்டின் விலையை அதுவே நிர்ணயிக்கிறது.

தனி நிறுவனச் சீட்டுகள்: இவற்றைக் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் வண்டியில் மட்டுமே பயன்படுத்தலாம். முன்பதிவுச் சீட்டுகள் குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டுமே உரியவை. முதன்மை நிறுவனம் அல்லாதவை, பொதுச் சீட்டின் விலைக்குக் கீழே விற்றுப் பயணிகளைக் கவர இம்முறை உதவுகிறது.

இம்முறையால் பயணிக்கு மலிவான கட்டணம் கிடைப்பது உண்மை. ஆனால் ஒரே நடைமேடையில் பத்து நிமிட இடைவெளியில் ஒரே ஊருக்குச் செல்லும் இரு வண்டிகள் வரும்போது, தவறான வண்டியில் ஏறிவிட்டவர் தம் சீட்டு செல்லாது என்பதால் மீண்டும் முழுக்கட்டணம் செலுத்த நேரிடலாம். தண்டவாளமும் நிலையமும் ஒன்றாகவே இருக்க, வண்டியின் நிறத்தைக் கொண்டு விதி மாறுவது, அமைப்பை அறியாத பயணிக்கு எளிதில் விளங்குவதில்லை.

வருவாய்ப் பங்கீடு

பொதுச் சீட்டில் பயணம் செய்தவர் உண்மையில் எந்த வண்டியில் ஏறினார் என்பது பெரும்பாலும் பதிவாவதில்லை. எனவே வருவாயைப் பிரிக்க ஆர்கேட்ஸ் என்னும் கணினி மாதிரி பயன்படுகிறது. இது பிரிட்டிஷ் ரயில் காலத்திலேயே உருவாக்கப்பட்டது. கால அட்டவணையைக் கொண்டு, பயணிகள் எந்த வண்டியைத் தேர்ந்தெடுத்திருப்பர் என்று இம்மாதிரி கணிக்கிறது.

இதன் அடிப்படையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் மூலம் விளக்கலாம். உண்மையான மாதிரி இதைவிடச் சிக்கலானது. ஒரு வழித்தடத்தில் 'அ' நிறுவனத்தின் வண்டிகள் 10:00, 10:30, 11:00 என அரை மணிக்கு ஒன்றாகப் புறப்பட்டு, ஒரு மணி நேரத்தில் சென்றடைகின்றன எனக் கொள்வோம். 'ஆ' நிறுவனத்தின் வண்டி மணிக்கு ஒன்றாக 10:15 மணிக்குப் புறப்பட்டு, 1 மணி 10 நிமிடத்தில், அதாவது 11:25 மணிக்குச் சென்றடைகிறது. பயணிகள் சீரான இடைவெளியில் நிலையத்திற்கு வருகிறார்கள் என்றும், முதலில் சென்றடையும் வண்டியிலேயே ஏறுகிறார்கள் என்றும் கொள்க.

- 10:00 முதல் 10:15 வரை வருவோர் 'ஆ' வண்டியில் ஏறுவர். இது ஒரு மணி நேரத்தில் 15 நிமிடம், அதாவது 25 விழுக்காடு.
- ஏனைய 45 நிமிடங்களில் வருவோர் 'அ' வண்டிகளில் ஏறுவர். இது 75 விழுக்காடு.

மொத்த வருவாய் 2000 பவுண்டு எனில், 'அ' நிறுவனத்திற்கு 1500 பவுண்டும், 'ஆ' நிறுவனத்திற்கு 500 பவுண்டும் சேரும். 'ஆ' வண்டி 1 மணி 20 நிமிடம் எடுத்துக்கொண்டால், 10:30 மணி வண்டி அதற்கு முன்னரே சென்றடைந்துவிடும். அந்நிலையில் 'ஆ' நிறுவனத்தின் பங்கு ஏறக்குறைய இல்லாமலாகிவிடும்.

இப்போது 'ஆ' நிறுவனம் தன் வண்டியை 10:25 மணிக்கு மாற்றி, ஒரு மணி நேரத்தில் ஓட்டினால் என்னவாகும்? 10:00 முதல் 10:25 வரை வரும் அனைவரும் அதன் கணக்கில் சேர்வர். மூன்றில் ஒரு வண்டியை மட்டுமே இயக்கும் அந்நிறுவனம் ஏறத்தாழ 42 விழுக்காடு, அதாவது 833 பவுண்டு பெறும். புதிதாக ஒரு பயணி கூட வரவில்லை. முன்பிருந்த பணம் கைமாறியது மட்டுமே நிகழ்ந்தது. போட்டி நிறுவனத்தின் வண்டிக்குச் சற்று முன்னதாகத் தன் வண்டியை அமைத்து வருவாயைப் பெறும் இவ்வுத்தியை இருப்புப்பாதைத் துறையினர் 'ஆர்கேட்ஸ் கொள்ளை' என்று அழைப்பர். இம்மாதிரி பொதுச் சீட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். தனி நிறுவனச் சீட்டின் வருவாய் முழுவதும் அந்நிறுவனத்தையே சேரும். எனவே நிறுவனங்கள் தனிச் சீட்டுகளை விற்பதில் ஆர்வம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தடத்தின் கொள்ளளவு

வருவாயைக் காகிதத்தில் பிரிக்கலாம். தண்டவாளத்தை அவ்வாறு பிரிக்க இயலாது. ஒரு தடத்தில் எத்தனை வண்டிகள் செல்லலாம் என்பது அவற்றின் எண்ணிக்கையை மட்டுமன்றி, வேக வேறுபாட்டையும் பொறுத்தது. 40 கி.மீ. நீளமுள்ள, முந்திச் செல்ல வழியில்லாத ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் செல்லும் விரைவு வண்டி அதை 12 நிமிடத்தில் கடக்கும். நிறுத்தங்களையும் சேர்த்துச் சராசரியாக 100 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டிக்கு 24 நிமிடம் தேவை. எனவே மெதுவான வண்டி சென்றபின் விரைவு வண்டியை விடுவதற்கு, பாதுகாப்பு இடைவெளி நீங்கலாகவே 12 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரே வேகத்தில் செல்லும் பல வண்டிகள் அந்நேரத்தில் அடுத்தடுத்துச் சென்றிருக்க முடியும்.

கிழக்குக் கரைப் பெரும்பாதையில் இலண்டனுக்கு வடக்கேயுள்ள வெல்வின் பகுதி இதற்குப் பெயர்பெற்றது. அங்கு நான்கு தடங்கள் இரண்டாகக் குறுகி, 1850 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 40 வளைவுகள் கொண்ட டிக்ஸ்வெல் பாலத்தைக் கடக்கின்றன. எல்.என்.ஈ.ஆர்., ஹல் டிரெயின்ஸ், கிராண்ட் சென்ட்ரல், லூமோ ஆகியவற்றின் விரைவு வண்டிகளும், கேம்பிரிட்ஜ், பீட்டர்பரோ செல்லும் புறநகர் வண்டிகளும் இவ்விரு தடங்களையே நம்பியுள்ளன. போதாக்குறைக்கு, வெல்வின் நார்த் நிலையமும் இக்குறுகிய பகுதியிலேயே அமைந்துள்ளது. மான்செஸ்டர் நகரில் டீன்ஸ்கேட் நிலையத்திற்கும் பிக்காடிலி நிலையத்திற்கும் இடையேயுள்ள காசில்ஃபீல்டு பகுதியும் இத்தகையதே. பல நிறுவனங்களின் வண்டிகள் கூடும் இவ்விரட்டைத் தடம், 2018 மே மாதக் கால அட்டவணை மாற்றத்தின்போது கடும் தாமதங்களைச் சந்தித்தது. 2019 ஆம் ஆண்டில் இது நெரிசல் மிக்க பாதை என்று முறையாக அறிவிக்கப்பட்டது.

இத்தகைய இடங்களில் ஒரு நிறுவனத்தின் வண்டி பழுதடைந்து நின்றால், பின்னால் வரும் பிற நிறுவனங்களின் வண்டிகளும் தாமதமாகும். 3 நிமிடமோ அதற்கு மேலோ ஏற்படும் தாமதம் ஒவ்வொன்றுக்கும் காரணமானவர் யார் என்று பதிவு செய்யப்பட்டு, நெட்வொர்க் ரயில் வழியாக இழப்பீடு கைமாறும் முறை தனியார்மயமாக்கலின்போது உருவாக்கப்பட்டது.

திறந்த அணுக்கமும் வழக்கும்

தனியார்மயமாக்கலின் தொடக்க ஆண்டுகளில், இயக்குரிமைகளின் மதிப்பு குறைந்துவிடக்கூடாது என்பதற்காகத் திறந்த அணுக்கம் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் கட்டுப்பாடு தளர்ந்தது. ஹல் டிரெயின்ஸ் 2000 ஆம் ஆண்டிலும், கிராண்ட் சென்ட்ரல் 2007 டிசம்பரிலும், லூமோ 2021 அக்டோபரிலும் சேவையைத் தொடங்கின. எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. வேல்ஸின் ரெக்சம் நகரை இலண்டனுடன் இணைத்த ரெக்சம் அண்டு ஷ்ராப்ஷயர் நிறுவனம் 2008 ஆம் ஆண்டில் தொடங்கி, இலாபம் ஈட்ட இயலாமல் 2011 ஜனவரியில் மூடப்பட்டது.

இத்தகைய விண்ணப்பங்களை ஒழுங்காற்று அமைப்பு (இன்று இருப்புப்பாதை மற்றும் சாலை அலுவலகம்) ஒரு முக்கியமான சோதனைக்கு உட்படுத்துகிறது. புதிய சேவை ஈட்டும் வருவாயில் எவ்வளவு புதிய பயணிகளிடமிருந்து வருவது, எவ்வளவு பழைய நிறுவனங்களிடமிருந்து பறிக்கப்படுவது என்பதே அச்சோதனை. பறிக்கப்படும் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 0.3 பவுண்டு புதிய வருவாய் உருவாக வேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.

இதன் முக்கியத்துவத்தை 2006 ஆம் ஆண்டின் வழக்கு தெளிவாகக் காட்டியது. கிழக்குக் கரைப் பெரும்பாதையின் இயக்குரிமையைப் பெற்றிருந்த கிரேட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே (ஜி.என்.ஈ.ஆர்.), 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 130 கோடி பவுண்டு அரசுக்குச் செலுத்துவதாக 2005 ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்திருந்தது. அடுத்த ஆண்டிலேயே, அதே பாதையில் சண்டர்லாந்துக்கு வண்டி இயக்கக் கிராண்ட் சென்ட்ரலுக்கு அனுமதி வழங்கப்பட்டது. தாம் பாதையின் நிலையான செலவிலும் பங்கேற்க, புதிய நிறுவனம் வண்டி ஓடும் அளவுக்கு ஏற்ற மாறும் கட்டணத்தை மட்டுமே செலுத்துவது சமமற்றது என்று ஜி.என்.ஈ.ஆர். உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. ஜி.என்.ஈ.ஆர். 2006 ஆம் ஆண்டின் இறுதியில் இயக்குரிமையைக் கைவிட நேர்ந்தது. தாய் நிறுவனத்தின் நிதி நெருக்கடி உட்பட வேறு காரணங்களும் அதற்கு இருந்தன.

மறுபுறம், சண்டர்லாந்து, ஹார்ட்டில்பூல் முதலிய ஊர்களின் மக்கள் பல ஆண்டுகளுக்குப் பின் இலண்டனுக்கு நேரடி வண்டி பெற்றனர். பெரிய நிறுவனம் கவனிக்காத ஊர்களை இணைத்தது திறந்த அணுக்கத்தின் நன்மை. பெரிய நிறுவனத்தின் வருவாய் குறைந்தால், அதை இறுதியில் வரி செலுத்துவோர் ஈடுசெய்ய வேண்டியிருப்பது அதன் விலை. 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டணக் காலம் முதல், புதிதாக வரும் நெடுந்தொலைவுத் திறந்த அணுக்க நிறுவனங்கள் நிலையான செலவிலும் ஒரு பங்கை ஏற்கும்படி விதி மாற்றப்பட்டது.

மேற்பொருந்தலைக் குறைக்கும் முயற்சிகள்

2000களின் தொடக்கத்தில், இலண்டனின் ஒரு முனையத்தை இயன்றவரை ஒரே நிறுவனம் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை பின்பற்றப்பட்டது. அதன்படி லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தின் இயக்குரிமைகள் 2004 ஆம் ஆண்டிலும், பாடிங்டன் நிலையத்தின் இயக்குரிமைகள் 2006 ஆம் ஆண்டிலும் இணைக்கப்பட்டன. விரைவு வண்டிகளையும் புறநகர் வண்டிகளையும் ஒருவரே திட்டமிட்டால் தடத்தைச் சிறப்பாகப் பயன்படுத்தலாம் என்பது இதன் அடிப்படை. பயணிகளின் தேர்வுரிமை குறைகிறது என்ற மறுப்பும் எழுந்தது.

2020 ஆம் ஆண்டுக்குப் பின்

கோவிட்-19 பெருந்தொற்றால் பயணிகள் எண்ணிக்கை வீழ்ந்தபோது, 2020 மார்ச்சில் அரசு இயக்குரிமை நிறுவனங்களின் வரவு செலவுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் இயக்குரிமை முறை முடிவுக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. இதன்பின் ஒப்பந்த நிறுவனங்கள் இரண்டு தமக்குள் வருவாயைப் பறித்துக்கொள்வதில் பொருளில்லாமல் போயிற்று. ஏனெனில் இரண்டின் வருவாயும் அரசுக் கருவூலத்தையே சேர்ந்தன. திறந்த அணுக்க நிறுவனங்கள் மட்டுமே தம் இலாப நட்டத்தைத் தாமே ஏற்றன.

எல்.என்.ஈ.ஆர். 2018 ஆம் ஆண்டிலும், நார்தர்ன் 2020 ஆம் ஆண்டிலும், சவுத்ஈஸ்டர்ன் 2021 ஆம் ஆண்டிலும், டிரான்ஸ்பெனைன் எக்ஸ்பிரஸ் 2023 ஆம் ஆண்டிலும் ஐக்கிய இராச்சிய அரசின் பொறுப்பில் வந்திருந்தன. வேல்ஸ் சேவை 2021 ஆம் ஆண்டிலும், ஸ்காட்ரயில் 2022 ஆம் ஆண்டிலும் முறையே வேல்ஸ், ஸ்காட்லாந்து அரசுகளிடம் சென்றன. 2024 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம், ஏனைய ஒப்பந்த நிறுவனங்களும் ஒப்பந்தக் காலம் முடியும்போது பொது உடைமையாக வழிவகுத்தது. இதன்படி சவுத் வெஸ்டர்ன் ரயில்வே, சி2சி, கிரேட்டர் ஆங்கிலியா ஆகியவை 2025 ஆம் ஆண்டில் முறையே மே, ஜூலை, அக்டோபர் மாதங்களில் பொது உடைமையாயின. தண்டவாளத்தையும் வண்டிகளையும் ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவரும் கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ் என்னும் அமைப்புக்கான சட்டமுன்வரைவு 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

திறந்த அணுக்க நிறுவனங்கள் இந்த நாட்டுடைமையாக்கலில் சேர்க்கப்படவில்லை. எனவே மேற்பொருந்தல் பற்றிய விவாதம் இப்போது அரசு வண்டிகளுக்கும் தனியார் வண்டிகளுக்கும் இடையிலானதாக மாறியுள்ளது. 2025 ஜூலையில், மேற்குக் கரைப் பெரும்பாதையில் புதிய சேவைகள் தொடங்க மூன்று நிறுவனங்கள் அளித்த விண்ணப்பங்களை, தடத்தில் போதிய இடமில்லை என்று கூறி ஒழுங்காற்று அமைப்பு நிராகரித்தது.

நிறுவனங்களின் பெயர்களும் உடைமையும் மாறினாலும், இணைப் பாதைகளும் குறுகிய தடங்களும் மாறுவதில்லை. எக்சிட்டரிலிருந்து இலண்டனுக்கு இரு திசைகளில் வண்டிகள் புறப்படும், வெல்வின் பாலத்தில் விரைவு வண்டிகளும் புறநகர் வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல வேண்டியிருக்கும். பயணச்சீட்டு விதிகளும் வருவாய்ப் பங்கீடும் உடைமை மாற்றத்தால் எளிமையாகக்கூடும். விரைவு வண்டிக்கா, சிற்றூரில் நிற்கும் வண்டிக்கா, புதிய நிறுவனத்தின் வண்டிக்கா முதலிடம் என்ற கேள்விக்கு, யாரேனும் ஒருவர் கால அட்டவணையில் விடை எழுதியே ஆக வேண்டும்.